கைவிலங்கு வாங்குவோர் கவனத்துக்கு

காவல்துறைக்கும் சிறைத்துறைக்கும் கைவிலங்கு கொள்முதல் செய்யும் அதிகாரிகளே, அவசரப்பட்டு டெண்டர் விடாதீர்கள். சந்தையில் சங்கிலி விலங்கு இருக்கிறது, கீல் விலங்கு இருக்கிறது, பிளாஸ்டிக் பட்டை இருக்கிறது, கால் சங்கிலியும் இருக்கிறது. விற்கிறவன் எடையைச் சொல்வான், எஃகின் தரத்தைச் சொல்வான், துருவே பிடிக்காது என்று சத்தியம் செய்வான். யார் கையில் மாட்டப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்க மாட்டான். இந்த நாட்டில் அதைத் தெரிந்துகொள்ளாமல் விலங்கு வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது மாதிரி. ஆகவே பொதுநலன் கருதி இந்த ஒப்பீடு.

முதலில் சங்கிலி விலங்கு. இரண்டு வளையம், நடுவே ஓரிரு கண்ணி. இன்று உலகமெங்கும் புழங்கும் வடிவத்தை அமெரிக்காவின் பியர்லெஸ் கம்பெனி 1912 வாக்கில் கொண்டுவந்தது. மணிக்கட்டில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் வளையத்தின் ஒரு பாதி சுழன்று வந்து பல்லில் மாட்டிக்கொள்ளும். பல் ஒரு பக்கம்தான் நகரும். இறுகும், தளராது. மாட்டியதும் சாவியின் நுனியால் இரட்டைப் பூட்டுப் போட்டால்தான் மேற்கொண்டு இறுகாமல் நிற்கும். அந்த ஒரு நொடி வேலையைச் சோம்பலிலோ வன்மத்திலோ விட்டுவிட்டால், வேன் குலுங்கும்போதெல்லாம் ஒரு பல் கூடுதலாக இறங்கும். கட்டைவிரல் பக்கத்து நரம்பு நசுங்கி, விடுதலையான பிறகும் மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கும்.

யாருக்குப் பொருந்தும்? விவசாயிக்கு. 2017 மே மாதம் தெலங்கானாவின் கம்மத்தில் போட்டுப் பார்த்தார்கள். மிளகாய் விலை படுத்துவிட்ட ஆத்திரத்தில் மார்க்கெட் யார்டை அடித்து நொறுக்கியதாகப் பிடிக்கப்பட்ட பத்து விவசாயிகளை விலங்கு மாட்டிக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். படம் வெளியானது, ஊர் கொதித்தது, இரண்டு அதிகாரிகள் சஸ்பெண்ட் ஆனார்கள். 2023இல் அதே மாநிலத்தின் புவனகிரி பக்கம் சாலைத் திட்டத்துக்கு நிலம் தர மறுத்துப் போராடிய விவசாயிகளுக்கு மறுபடியும் விலங்கு. 2024 டிசம்பரில், லகச்சர்லா கிராமத்து நில எடுப்புப் போராட்ட வழக்கில் சிறையிலிருந்த விவசாயிக்கு நெஞ்சுவலி. சங்காரெட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், விலங்கோடுதான். அதற்குள் முதலமைச்சர் மாறியிருந்தார், ஆளுங்கட்சியும் மாறியிருந்தது. விலங்கு மட்டும் அதே கைக்கு அதே அளவில் கச்சிதமாகப் பொருந்தியது. இதைவிட ஒரு நற்சான்று எந்தக் கம்பெனிக்குக் கிடைக்கும்?

கீல் விலங்கில் சங்கிலி இல்லாததால் கையைத் திருப்ப முடியாது. பூட்டின் துவாரத்தை விரல் எட்டாது. பிளாஸ்டிக் பட்டை மலிவு, சாவி கிடையாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். கூட்டம் கூட்டமாகப் பிடித்து லாரியில் ஏற்றுவதற்கு உகந்தது.

கால் சங்கிலி ஏற்றுமதித் தரம். 2025 பிப்ரவரி 5 அன்று அமிர்தசரஸில் இறங்கிய அமெரிக்க ராணுவ விமானத்தில் 104 இந்தியர்கள் வந்தார்கள். கையில் விலங்கு, காலில் சங்கிலி. கொலை செய்தவர்களில்லை. ஊரில் இருந்ததை விற்றுக் கடனை வாங்கி ஏஜெண்டுக்குக் கொட்டி, பிழைக்கப் போனவர்கள். 2012 முதல் இதுதான் அந்த நாட்டின் நடைமுறை, பெண்களையும் குழந்தைகளையும் கட்டுவதில்லை என்று நம் வெளியுறவு அமைச்சர் மாநிலங்களவையில் விளக்கம் கொடுத்தார். நம் குடிமக்களைக் கட்டி அனுப்பியவனின் விதிப்புத்தகத்தை அவனுக்குப் பதிலாக நாமே வாசித்துக் காட்டினோம். அதே மாதம், விமானத்தில் ஏற்றப்படுகிறவர்களின் சங்கிலிச் சத்தத்தைக் காதுக்கு இனிமையாகக் கேட்டு ரசிக்கும்படி வெள்ளை மாளிகை ஒரு வீடியோவே போட்டது.

இனி உள்ளூர்ச் சரக்கு. எந்தக் கோர்ட் வளாகத்திலும் பார்க்கலாம்: வழிக்காவலுக்கு வந்த ஆயுதப்படை போலீஸ்காரர், அக்யூஸ்டின் விரல்களோடு தன் விரல்களைக் கோர்த்துக்கொண்டு நிற்பார். திருவிழாவுக்கு வந்த அண்ணன் தம்பி போல இருக்கும். விலங்கு மாட்டினால் நீதிபதி கேள்வி கேட்பார். மாட்டாமல் ஆள் ஓடிவிட்டால் சஸ்பெண்ட் போலீஸ்காரருக்கு. இடையில் அவருக்கு அரசு கொடுத்திருக்கும் கருவி, அவருடைய ஐந்து விரல்.

ஆனால் தமிழ்நாட்டின் அசல் கண்டுபிடிப்பு மாவுக்கட்டுதான். பிடித்த மறுநாள் பத்திரிகையில் படம் வரும், கையிலோ காலிலோ வெள்ளைக் கட்டு. தப்ப முயன்றபோது பாலத்திலிருந்து விழுந்தார், கழிவறையில் வழுக்கி விழுந்தார். தமிழகக் காவல் நிலையங்களின் கழிவறைத் தரைக்கு ஆளை அடையாளம் தெரியும். செயின் பறித்தவர் வழுக்குவார், ரவுடி வழுக்குவார், இன்ஸ்பெக்டர் ஒருநாளும் வழுக்கியதில்லை. இரும்பு விலங்குக்கு நீதிபதியிடம் பதில் சொல்ல வேண்டும், மாவுக்கட்டுக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம். நாமும் மீம் போட்டுச் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியம் எதுவரை போகும் என்பதற்கு, கடையை நேரத்துக்கு மூடவில்லை என்று கொண்டுபோகப்பட்டு 2020 ஜூனில் செத்துப்போன சாத்தான்குளத்துத் தகப்பனும் மகனும் சாட்சி. நகை காணோம் என்ற புகாரில் அழைத்துப்போகப்பட்டு 2025 ஜூனில் பிணமான திருப்புவனம் பக்கத்துக் கோயில் காவலாளியும் சாட்சி.

ஆளுக்கேற்ற விலங்கு என்பது என் கண்டுபிடிப்பு அல்ல. ஒருகாலத்தில் எழுத்திலேயே இருந்தது. படிப்பும் அந்தஸ்தும் வசதியான வாழ்க்கையும் பழகிய விசாரணைக் கைதி 'மேல் வகுப்பு'. அவருக்கு அநாவசியமாக விலங்கு கூடாது என்றன பஞ்சாப் போலீஸ் விதிகள். சாதாரண வகுப்புக்கு மாட்டு. திகார் சிறையிலிருந்து ஒரு கைதி அடித்த தந்தியே மனுவாகி, 1980இல் உச்ச நீதிமன்றத்தில் வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதியைத் தூக்கி எறிந்தார். சிறையிலும் இருந்தவர், கேரளத்தில் சிறைத்துறைக்கு அமைச்சராகவும் இருந்தவர். வேறு வழியே இல்லையென்றால் மட்டும் விலங்கு, அதற்கும் காரணத்தை எழுதி வை, நீதிபதியிடம் காட்டு என்றார். ஒன்பது ஆண்டு கழித்து, 1989 செப்டம்பரில், குஜராத்தின் நடியாத் போலீஸ் ஒரு தலைமை நீதித்துறை நடுவரையே ஸ்டேஷனுக்கு வரவழைத்து, வாயில் சாராயத்தை ஊற்றி, விலங்கு மாட்டிக் கயிற்றால் கட்டி, போட்டோகிராபரைக் கூப்பிட்டுப் படமும் எடுக்க வைத்தது. தீர்ப்பை மதிக்கும் லட்சணம் அது. 1995இல் கவுகாத்தி மருத்துவமனையில் கட்டிலோடு விலங்கிட்டுக் கிடந்த கைதிகளுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் அதே பாடத்தை நடத்த வேண்டியிருந்தது.

பாடம் நடத்தி அலுத்த இடத்தில் புதுச் சட்டம் வந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43(3) பிரிவு, போலீஸ் யாருக்கெல்லாம் விலங்கு மாட்டலாம் என்று ஒரு பட்டியலே கொடுக்கிறது. பட்டியலின் தலையில் பழங்குற்றவாளி. 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் போன இடத்தில் பழங்குற்றவாளிச் சட்டங்கள் வந்து உட்கார்ந்த கதை நம்மூர்க் குறவர் குடியிருப்புகளுக்குத் தெரியும். அப்புறம் போதைப்பொருள், ஆயுதம், கொலை, கள்ளநோட்டு என்று நீள்கிறது. மசோதாவாக இருந்தபோது அதில் பொருளாதாரக் குற்றமும் இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு அதை எடுத்துவிடச் சொன்னது: அதில் சின்னக் குற்றமும் வரும், பெரிய குற்றமும் வரும், எல்லாருக்கும் ஒரேயடியாக மாட்டுவது சரியில்லையாம். என்ன கரிசனம்! ஒரு பொட்டலம் கஞ்சாவோடு பிடிபட்ட பையன் விஷயத்தில் இந்தச் சின்னது, பெரியது கணக்கு ஏன் வரவில்லை? 1980இல் வாசல் வழியாகத் துரத்திய மேல் வகுப்பு, நிலைக்குழு அறை வழியாகத் திரும்பி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

விலங்கு எதற்கு என்று கேட்டால், ஆள் தப்பி ஓடாமலிருக்க என்பார்கள். சரி, ஓடியது யார்? கம்மத்து விவசாயி எங்கும் ஓடவில்லை. அவருடைய நிலமும் கடனும் அங்கேதான் கிடந்தன. சுமார் 9,000 கோடி வங்கிக் கடன் நிற்க, 2016 மார்ச் 2 அன்று லண்டனுக்குப் பறந்தவர் விஜய் மல்லையா, அப்போது மாநிலங்களவை உறுப்பினர். 'ஆளைத் தடுத்து நிறுத்து' என்றிருந்த தன் அறிவிப்பை, முந்தைய நவம்பரிலேயே 'தகவல் மட்டும் சொல்' என்று சிபிஐ தளர்த்தி வைத்திருந்தது. நீரவ் மோடியும் மெகுல் சோக்சியும் 2018 ஜனவரியில், பஞ்சாப் நேஷனல் வங்கி கணக்கைப் பார்த்துப் புகார் எழுதுவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள்.

தப்பி ஓடுவதைத் தடுக்கத்தான் விலங்கு என்று இனியும் சொல்வதானால், அதைக் கொண்டுபோய் விமான நிலையத்தின் விஐபி வாசலில் ஒருமுறை மாட்டிக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள். அதுவரை மிளகாய் போட்டவன் கையை விடுங்கள்.