நிற்பியல்

மாணாக்க, எழுதுகோலை எடு. இவ்வியல் ஊண்கொணர்நன் நிற்கும் வகைகளைக் கூறும்.

ஊண்கொணர்நன் ஆவான், கைப்பேசியின் ஏவலால், ஒருவர் சமைத்ததை மற்றொருவர் உண்ண ஈருருளியில் சுமப்பவன். நிறுவனம் அவனை ஆள் என்னாது, பங்காளி என்னும். பங்கு இன்மையின் இஃது இடுகுறிப்பெயர். இவனையொத்த துண்டுவேலையர் 2020-21இல் இந்திய நாட்டில் 77 நூறாயிரவர், 2029-30இல் 2.35 கோடியினர் ஆவர் என்பது நிதி ஆயோக் கணக்கு.

ஓடுதலே இவன் தொழில் என்பர் கல்லாதார். முன்னாளில் கடைப்பையன் நின்றபோதும் திங்கட்கூலி ஓடிற்று. இவனுக்கோ கூலி பெரும்பாலும் ஓட்டத்துக்கே. நிற்றல் விலையில்லாப் பொருள். ஆதலின் நிற்பே ஆயத்தக்கது. அஃது ஐவகைப்படும்.

1. ஒலிநோக்கு நிற்பு: அழைப்பொலி வரும்வரை மரநிழலில் நிற்பது. இது தனிநிற்பு, குழுநிற்பு என இரண்டாம். குழுநிற்பில் ஒருவன் கைப்பேசி ஒலித்தால் அனைவரும் தத்தம் சட்டைப்பையைத் தொடுவர். இத்தொடுகை 'பொய்யொலி மெய்ப்பாடு' எனப்படும்.

2. அடுக்களை நிற்பு: ஊன்சோற்றுக் கடையில் பொட்டலத்துக்கு நிற்பது. "ரெண்டே நிமிஷம் தம்பி" என்னும் குரல் இதன் அடையாளம். இங்கு 'ரெண்டு' எண்ணுப்பெயர் அன்று, பொருளற்ற அசைநிலை.

3. வாயில் நிற்பு: அடுக்ககத்தில் நிகழ்வது. காவலர் ஏட்டில் பெயர் எழுத நிற்பது எழுதுநிற்பு. குடியிருப்போர் மின்தூக்கி வெறுமனே நிற்க, பணியாளர் மின்தூக்கி இறங்கிவர நிற்பது ஏறுநிற்பு.

4. சுழல்நிற்பு: 2016இல் யுபிஐ தோன்றியபின் பிறந்த இளவகை. பணம் சென்றதோ இல்லையோ எனத் திரையில் வட்டம் சுழல, கொடுப்பவனும் கொள்பவனும் ஒருங்கே நிற்பர். இருவரும் நிகராவது இந்நிற்பில் மட்டுமே.

5. பூட்டுநிற்பு: செயலி திடீரென இவனைப் பூட்டிவிட நிற்பது. 'ஐடி பிளாக்' என்பது உலகவழக்கு. முறையிட மேலாளன் முகம் இல்லை. முன்னரே எழுதிவைத்த விடை மட்டும் வரும்.

சட்டமும் நிற்கும் என்பதை ஒழிபாகக் கொள்க. இவனுக்கு வரையறை வகுத்த குமுகக் காப்புச் சட்டத்தொகுப்பு 2020இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டும் நிற்பே, அது 'நெடுநிற்பு'.

புறநடை: சென்னை மாநகராட்சி 2025இல் அண்ணா நகரில் குளிரூட்டிய ஓய்வறை ஒன்றை இவனுக்காகத் திறந்தது. அங்கே இவன் அமர்வான். அமர்தல் இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

பயிற்சி: உன் வீட்டு அழைப்புமணி ஒலிக்கிறது. கதவுக்கு அப்பால் நிகழும் நிற்பு எவ்வகை? விடை எழுதுமுன் கதவைத் திற.