சிபாரிசில் கொட்டும் தண்ணீர்

ஜூலை பிறந்ததும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசி வந்து இறங்கும் தம்பிகளே, வருக. குற்றாலத்தில் எல்லா அருவியையும் இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்று யூடியூபில் யாராவது சொல்லியிருப்பார். முடிக்கலாம். பையில் துண்டு இருக்கிறது, மாற்றுத்துணி இருக்கிறது. சிபாரிசுக் கடிதம் இருக்கிறதா?

இல்லையென்றால் பேரருவிக் கூட்டத்தில் போய் நில்லுங்கள். முன்னால் நிற்பவர் உடம்பெல்லாம் எண்ணெய் வழியும். பின்னால் நிற்பவர் ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருப்பார். சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டுப் பல வருஷம் ஆகிறது. நடைமுறையில் வாங்கித் தேய்ப்பவன் குற்றவாளி. கடையில் சரம் சரமாகத் தொங்கவிட்டு விற்பவன் வியாபாரி. உங்கள் தலை நனைவதற்குள் விசில் சத்தம் கேட்கும்: "போதும், நகரு!" பெண்கள் பக்கம் இன்னும் விசேஷம். உடை மாற்றும் அறை வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அக்காவும் தங்கையும் ஈரத்துணியைத் திரையாகப் பிடித்து ஒருவருக்கு ஒருவர் காவல் நிற்பார்கள். சீசனில் அரசு நடத்தும் சாரல் விழா மேடைக்கு மட்டும் பந்தல், சீரியல் லைட், வரவேற்பு வளைவு எல்லாம் நேரத்துக்கு வந்துவிடும்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு ஐந்தருவிக்கு மேலே, தோட்டக்கலைத் துறைப் பண்ணைக்குள் பழத்தோட்ட அருவி இருக்கிறது. ஊரார் வைத்த பெயர் வி.ஐ.பி. அருவி. பொதுமக்களை விடமாட்டார்கள், கேட்டால் ஆபத்தாம். பிரமுகர்களுக்கு அனுமதி உண்டு. மலையிலிருந்து உருளும் கல், கீழே நிற்பவர் எந்தப் பதவி என்று விசாரித்துக்கொண்டு விழும் போலிருக்கிறது. செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் வனத்துறை தடை வைத்திருப்பது வேறு விஷயம். நாம் போன இடத்தில் பிளாஸ்டிக்கும் பாட்டிலும்தான் முளைக்கும் என்பதால் அந்தத் தடையை நான் மனமார ஆதரிக்கிறேன்.

ஆனால் ஆபத்து நிஜம். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டும். சில நிமிடத்தில் தண்ணீர் கலங்கிச் சீறி வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் அப்படித்தான் வந்தது. 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. ஜனங்கள் அலறி ஓடிய வீடியோவை நாடே பார்த்தது. மலைமேல் மழை தொடங்கியதைக் கீழே குளிப்பவனுக்குச் சொல்ல ஓர் ஏற்பாடு வேண்டும் என்று தோன்ற, ஒரு பிள்ளை சாக வேண்டியிருந்தது. சீசன் கடை ஏலத் தேதியை மட்டும் யாரும் மறந்ததில்லை.

இத்தனை தொல்லை எதற்கு என்று நினைக்கும் பணக்காரருக்கு, ரிசார்ட்டுக்குள்ளேயே அருவி. மலையிலிருந்து இறங்கும் ஓடையை மடக்கித் தன் சுவருக்குள் திருப்பி, வாடகை அறையோடு சேர்த்து விற்கிறார்கள். சிற்றாற்றை நம்பிப் பயிர் வைத்தவன் வயலில் நின்று வானத்தைப் பார்க்கட்டும். 2022இல் மதுரைக் கிளை, இயற்கை அருவியின் போக்கை மாற்றிச் செயற்கை அருவி கட்டியவர்களைக் கண்டுபிடிக்கக் குழு அமைக்கச் சொன்னது. தேடி அலைய வேண்டிய சிரமமே இல்லை. 'தனி அருவி வசதி உண்டு' என்று கலர் படம் போட்டு, போன் நம்பரும் கொடுத்துத்தான் விளம்பரம் செய்திருந்தார்கள்.