பந்துக்கு எத்தனை கிராம் தீவனம்?

ஏனப்புனு, உங்க பசங்க கூட்டத்துல இன்னைக்கும் அதே பஞ்சாயத்துத்தானா? கோடி கோடியா வெச்சிருக்கற மனுசன் எதுக்குப் போயி ஃபுட்பால் கிளப்பை வாங்கறான்னு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் திண்ணையில உக்காந்து தலையைப் பிச்சுக்கறீங்க. ஷேக்குங்கறீங்க, ரஷ்யாக்காரங்கறீங்க, அமெரிக்காக்காரங்கறீங்க. அவிங்க யாரையும் எனக்குத் தெரியாது சாமி. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கோழிக்காரங்கதான். அதனால கோழிக்காரங்க கிளப்பு வாங்கின கதையை மட்டும் சொல்றன், கேட்டுக்க.

நாமக்கல்லுல பண்ணை வெச்சிருக்கறவன் எவனும் வெங்கீஸ்ங்கற பேரைக் கேக்காம இருந்திருக்க மாட்டான். கூண்டுல நிக்குதே பிவி 300 முட்டைக்கோழி, அது அவிங்க குழுமத்துச் சரக்கு. ஆரம்பிச்சு வெச்ச பி.வி. ராவு லேசுப்பட்ட ஆளில்லை. ஏவாரி சொன்னதே வெலைன்னு கெடந்த பண்ணைக்காரங்களை 1982-ல ஒண்ணு சேர்த்து, முட்டைக்கு வெலை சொல்ற என்.இ.சி.சி.யை நிறுத்தினவரு. அவரோட மக அனுராதா தேசாயி, அந்தம்மாவோட தம்பிமாருங்க, இவிங்கதான் 2010 நவம்பர்ல இங்கிலாந்துல பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பை வாங்கினது. 2 கோடியே 30 லட்சம் பவுண்டு. அன்னைக்கு நம்ம காசுல 160 கோடிக்கு மேல. கிளப்புக்கு இருந்த கடனும் கூடவே வந்துச்சு.

கோழிக்காரன் எப்படிப்பட்டவன்னு உனக்குத் தெரியுமா? ஒரு கோழி நாளைக்கு 110 கிராம் தீவனம் திங்கும். அது 112 ஆயிருச்சுன்னா எனக்குத் தூக்கம் வராது. லட்சம் கோழி வெச்சிருக்கறவனுக்கு அந்த 2 கிராம், நாளைக்கு 200 கிலோ. சாக்குல ஓட்டை விழுந்திருக்குதான்னு டார்ச் அடிச்சுப் பார்க்கற சாதி நாங்க. அப்படியாப்பட்ட தொழில்ல பொறந்து வளர்ந்தவிங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு திங்கும்னே தெரியாத ஒரு உருப்படியை எப்படி ஓட்டிக்கிட்டு வந்தாங்கங்கறதுதான் எனக்கு இன்னைக்கும் ரோசனை.

"டிவி காசுங்க பெரியப்பா"ன்னு உங்க கூட்டத்துல ஒரு கண்ணாடிக்காரத் தம்பி சொல்லுச்சு. கெட்டிக்காரப் பய. கணக்கும் பொய்யில்லை. அப்ப பிரீமியர் லீக்குல கடைசியா வந்து நின்னவனுக்கே வருசத்துக்கு 4 கோடிப் பவுண்டுக்குப் பக்கம் பங்கு கெடைச்சுது. ரெண்டேகாலுக்கு வாங்கினா வருசம் நாலு வரும்னா எவன்தான் வேண்டாம்பான்? ஆனா அந்தக் காசு உள்ள வர்ற வாசல்லயே ஆட்டக்காரங்க சம்பளம் நிக்குதே. அதோட லீக்கை விட்டு இறங்கிட்டா வரவு சட்டுனு சுருங்கிப்போகும், சம்பள ஒப்பந்தம் மட்டும் சுருங்காது.

இன்னொருத்தன் நிலத்துக்காகன்னான். லண்டன்ல இருந்தா நானும் தலையாட்டுவன். பிளாக்பர்ன் பழைய பஞ்சாலை ஊரு. ஒரு காலத்துல நம்ம ஊருக்கெல்லாம் துணி நெய்து அனுப்பின ஊரு. 1931-ல காந்தி பக்கத்து டார்வெனுக்குப் போயி, அன்னியத் துணி வேண்டாம்னு நாம சொன்னதால வேலை போன மில்லுக்காரங்களையே நேருக்கு நேர் பார்த்துட்டு வந்தாரு. அந்தச் சீமையில போயி மனை வெலை ஏறட்டும்னு காத்திருக்கறவன் இந்த ஜென்மத்துல கண் மூட மாட்டான்.

நீங்க எல்லாரும் வாங்கினவன் மனசுக்குள்ளயே பூந்து பூந்து பார்க்கறீங்க. நான் சந்தைக்குப் போனா முதல்ல விக்கறவன் மூஞ்சியைத்தான் பார்ப்பன். அதுக்கு முந்தி அந்தக் கிளப்பு ஜாக் வாக்கர்ங்கறவரு கையில இருந்துச்சு. அந்த ஊருலயே பொறந்த இரும்பு ஏவாரி. தொழிலை வித்த காசைக் கொண்டாந்து கொட்டி, கென்னி டால்கிலீஷை மேனேஜரா வெச்சு, ஆலன் ஷியரரை வாங்கி, 1995-ல லீக் கோப்பையை ஊருக்குக் கொண்டாந்துட்டாரு. 1914-க்கு அப்புறம் அதுதான். அந்த மனுசன் எதுக்கு வாங்கினாருன்னு பிளாக்பர்ன்ல ஒரு குழந்தைகூடக் கேட்டிருக்காது. 2000-ல அவரு செத்தப்புறம் சொத்து டிரஸ்ட்டு கைக்குப் போச்சு. டிரஸ்ட்டுக்காரங்களுக்குப் பந்து மேல ஆசை ஏது? கட்டுப்படியாகலைன்னு பல வருசம் ஆள் தேடினாங்க. கூடமாடக் கணக்கு எழுதினவனே கைகழுவப் பார்க்கற சரக்குன்னா ரெண்டு நடை நடந்து விசாரிக்கோணுமா வேண்டாமா? நம்மாளுங்களுக்கு ரோசனை சொன்னவிங்கள்ல ஆட்டக்காரத் தரகு பார்க்கறவிங்களும் இருந்தாங்க. ஆள் கைமாறினாத்தான் அவிங்களுக்குக் கமிசன். அவிங்க வேண்டாம்னா சொல்லுவாங்க?

வாங்கின கையோட, 13-வது இடத்துல கிளப்பை நிறுத்தி வெச்சிருந்த சாம் அல்லார்டைஸை டிசம்பர்லயே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதுக்கு முந்தி எங்கயும் மேனேஜரா இருந்திராத ஸ்டீவ் கீன் அந்த நாற்காலியில உக்காந்தாரு. ரொனால்டினோ வருவாருன்னு பேச்சு அடிபட்டுச்சு. வரலை. அடுத்த வருசம் விளம்பரம் ஒண்ணு வந்துச்சு பாரு, ஆட்டக்காரப் பசங்க ஜெர்சியோட உடுப்பு மாத்தற ரூமுல உக்காந்து வெங்கீஸ் கோழிக்காலைக் கடிச்சுக்கிட்டிருப்பாங்க. எனக்கு அந்த விளம்பரம் ரொம்பப் பிடிச்சுது. மேட்ச்சுக்கு முந்தி அவ்வளவு கறி தின்னுட்டு எவன் ஓடுவான்னுதான் தெரியலை.

வெள்ளந்தியா ஒண்ணு சொல்றன், தப்பா எடுத்துக்காத. பேருக்காகத்தான் வாங்கியிருப்பாங்க. கம்பெனிப் பேரு உலகம் பூராத் தெரியோணும்னு அப்பவே அவிங்க சொன்னதுதான். பிரீமியர் லீக் கிளப்பை வாங்கின முதல் இந்தியக் கம்பெனிங்கற பேரு லேசா? எத்தனை கோடி முட்டை வித்தாலும் கலியாண வீட்டுல கோழிக்காரங்கன்னுதான் நம்மளைச் சொல்லுவாங்க. கிளப்புக்காரங்கன்னு ஆயிட்டா முன் வரிசை நாற்காலியில்ல?

நெனைச்சபடியே பேரும் கெடைச்சுது. 2012 மே 7, விகனோட மேட்ச்சு, மழைன்னா அப்படியொரு மழை. ரசிகன் ஒருத்தன் உசுரோட ஒரு கோழிக்குக் கிளப்புக் கொடியைச் சுத்தி மைதானத்துக்குள்ள விட்டுட்டான். உலகம் பூராப் பார்த்துச்சு. காசு செலவில்லாத விளம்பரம். கிளப்பு அன்னைக்குத் தோத்து லீக்கை விட்டே இறங்கிருச்சு. எனக்கு வருத்தமெல்லாம் அந்தக் கோழி மேலதான். நனைஞ்ச கோழிக்குச் சளி பிடிச்சா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.

2017-ல மூணாம் படிக்கே போயி, மறு வருசம் ஒரு படி ஏறிச்சு. வாங்கின வெலையைப்போலப் பல மடங்கு அதுக்குள்ள கொட்டியாச்சு. நடுவுல இங்கிருந்து பணம் அனுப்பறதுக்கே தில்லி ஐகோர்ட்டுல போயி அனுமதி கேக்கற நெலைமையும் வந்துச்சு. விட்டுட்டுப் போங்கன்னு அந்த ஊர்க்காரங்க கத்தாத வருசமில்லை. இவிங்க விக்கறதாவும் காணோம். ஏன் வாங்கினாங்கன்னு 15 வருசமாப் பேசறீங்களே, ஏன் விக்க மாட்டேங்கறாங்கன்னு ஒருத்தனாவது கேட்டிருக்கீங்களா? வித்தா நட்டம் காயிதத்துல ஏறிரும். விக்காத வரைக்கும் அது முதலீடு. நம்ம ஊருலயும் ஆழ்துளைக் கிணத்துல ஆயிரம் அடி போட்டுத் தண்ணி வராதவன், இன்னும் நூறு அடி போட்டாப் பீச்சும்னுதான் சொல்லிக்கிட்டிருக்கான்.

உனக்கும் ஏதோ டீமுல பங்கு போடோணும்னு ஆசையிருக்குதாமா, உங்கம்மா சொன்னா. போடு, நான் தடுக்கலை. ஆனா பொழைக்கற வழி வேற பக்கம் இருக்குது. கீன் போனதுக்கப்புறம் ஹென்னிங் பெர்க்குனு ஒருத்தரை மேனேஜராப் போட்டாங்க. 57-வது நாள் கணக்கை முடிச்சு அனுப்பிட்டாங்க. அடுத்து வந்த மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள். பிராய்லர்கூட 40 நாள்ல தயாராயிருது, அதை அனுப்பறப்ப நமக்குக் காசு வரும். இங்க தலைகீழு. பெர்க் கோர்ட்டுக்குப் போயி, மீதி ஒப்பந்தத்துக்குன்னு 22 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு வாங்கிட்டாரு. நம்ம காசுல 18 கோடிக்கு மேல. 10 மேட்ச்சுல ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சதுக்கு.

அதனால அப்புனு, கிளப்பு வாங்கற நெனைப்பை விடு. எந்தக் கோழிக்காரரு அடுத்து வாங்கறாருன்னு பார்த்துக்கிட்டே இரு, மேனேஜர் வேலைக்கு மனுப் போட்டுரலாம். பந்து தெரியாட்டி என்ன, ஒப்பந்தத்தை மட்டும் வக்கீலுகிட்டக் காட்டிட்டுக் கையெழுத்துப் போடு.