ஃபர்ஸ்ட் பார்ட்டி இருந்தும் வெள்ளத்துக்குக் காசு வராதா?

ஆண்டு இறுதி மழை நெருங்கினாலே காப்புறுதிக் கேள்விகள் வந்து குவிகின்றன. ஜொகூர் முழுவதிலிருந்தும் வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: கார் காப்புறுதி ஃபர்ஸ்ட் பார்ட்டிதான் எடுத்திருந்தேன். 2025 மார்ச்சில் ஜொகூர் பாருவில் திடீர் வெள்ளம் வந்தபோது சீட் வரை தண்ணீர் ஏறிவிட்டது. ஒரு சென்கூடக் கிடையாது என்கிறார்கள். அநியாயம் இல்லையா, ஐயா? (வாசகர், தம்போய்)

பதில்: வருத்தமாக இருக்கிறது ஐயா. ஆனால் அவர்கள் சொல்வது பாலிசிப்படி சரி. விபத்து, தீ, திருட்டு ஆகிய மூன்றுக்கும் ஃபர்ஸ்ட் பார்ட்டி பணம் தரும். வெள்ளம், புயல், நிலச்சரிவு, நிலநடுக்கம் எல்லாம் அதன் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றுக்கு 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்ற கூடுதல் பாதுகாப்பைக் கேட்டு வாங்க வேண்டும். பொதுவாக அதன் விலை காப்புறுதித் தொகையில் 0.2 முதல் 0.5 விழுக்காடு வரை. 50,000 ரிங்கிட் காருக்கு ஆண்டுக்கு 100 முதல் 250 ரிங்கிட்.

அநியாயம் பாலிசியில் இல்லை, அதை விற்ற விதத்தில் இருக்கிறது என்பேன். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி ஒரு மாதத்துக்குள் இரண்டு முறை மூழ்கியது. ஜொகூரில் மட்டும் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2023 மார்ச்சில் பத்து பகாட்டில் வாரக்கணக்கில் நீர் வடியவில்லை. இப்படிப்பட்ட மாநிலத்தில் ரோட் டேக்ஸ் புதுப்பிக்க வருகிறவரிடம், "வெள்ளத்துக்கும் சேர்த்துப் போடட்டுமா?" என்று ஏஜெண்ட் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். இனி அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், நீங்களே கேளுங்கள். ஆண்டு நடுவில் சேர்க்கவும் பல நிறுவனங்கள் இடம் தருகின்றன. தண்ணீர் வாசலுக்கு வந்தபின் சேர்க்க முடியாது.

கேள்வி: வெள்ளப் பாதுகாப்பு இருக்கிறது. கார் மூழ்கினால் முதலில் என்ன செய்வது? (வாசகி, கோத்தா திங்கி)

பதில்: முதலில் செய்யக்கூடாதது ஒன்று: எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் புகுந்த எஞ்சினை முடுக்கினால் சேதம் பல மடங்காகும், அந்தக் கூடுதல் சேதத்துக்குப் பணம் கேட்பதும் சிக்கலாகும். நீர் மட்டம் தெரியும்படி படம் எடுங்கள். நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு அழைத்து, அவர்கள் அனுப்பும் டோ டிரக்கில் ஏற்றுங்கள். தானாக வந்து நிற்பவர் நீட்டும் வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

கேள்வி: பம்பர் உடைந்துவிட்டது, தவறு என்னுடையதுதான். பழுதுபார்க்க 800 ரிங்கிட். கிளைம் பண்ணலாமா? என்சிடி (கிளைம் செய்யாததற்கான கழிவு) 55 விழுக்காடு இருக்கிறது. (வாசகர், கூலாய்)

பதில்: வேண்டாம். கணக்கைப் பாருங்கள். உங்கள் அடிப்படைப் பிரிமியம் 1,800 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காடு கழிவு போக இப்போது கட்டுவது 810. கிளைம் செய்தால் என்சிடி பூஜ்யத்துக்கு இறங்கும். அடுத்தடுத்த ஆண்டுகளில் 25, 30, 38.33, 45 என்று ஏறித்தான் மறுபடி 55-ஐ எட்டும். அந்த ஐந்து முறை புதுப்பிப்பதில் நீங்கள் கூடுதலாகக் கட்டுவது சுமார் 2,460 ரிங்கிட். 800 ரிங்கிட்டுக்காக 2,460 கொடுக்கலாமா? தவறு எதிராளியுடையது என்றால் கதையே வேறு. என்சிடி கைவிட்டுப் போகாமலே கிளைம் செய்ய வழி உண்டு. தவறு யாருடையதாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் கட்டாயம்.

கேள்வி: முன் கண்ணாடி உடைந்தாலும் என்சிடி போகுமா? (வாசகர், பாசிர் கூடாங்)

பதில்: கண்ணாடிக்குத் தனியாகப் பாதுகாப்பு வாங்கியிருந்தால் போகாது.

கேள்வி: மகன் இப்போதுதான் 'பி' லைசென்ஸ் எடுத்திருக்கிறான். என் காரை ஓட்டி இடித்துவிட்டால் காப்புறுதி செல்லுமா? (வாசகி, ஸ்கூடாய்)

பதில்: செல்லும் அம்மா. ஆனால் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர், 'பி' லைசென்ஸ் வைத்திருப்பவர், பாலிசியில் பெயர் இல்லாதவர் ஆகியோர் ஓட்டும்போது உங்கள் கார் சேதமானால், முதல் 400 ரிங்கிட் பொதுவாக உங்கள் கையிலிருந்துதான் போகும். மகன் அதே காரை 'கிராப்'புக்கு ஓட்டக் கேட்டால் மட்டும் கூடுதல் பாதுகாப்பு வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். சொந்தப் பயன்பாட்டுப் பாலிசி அந்த ஓட்டத்துக்குச் செல்லாது.

கேள்வி: தைப்பூசத்துக்குச் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு பத்துமலைக்குப் போகிறோம். வழியில் ஏதாவது ஆனால் அவர்களுக்கும் சேர்த்துத்தானே காப்புறுதி? (வாசகர், குளுவாங்)

பதில்: இல்லை. பலருக்கும் தெரியாத பெரிய ஓட்டை இது. 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது, சாலையில் உள்ள மற்றவர்களின் உயிருக்கும் உடலுக்குமான பொறுப்பை. சொந்தக் காரில் உட்கார்ந்து வரும் உறவினர் அந்தக் கட்டாயத்துக்குள் வருவதில்லை. உங்கள் தவறால் அத்தைக்குக் கால் முறிந்து, இழப்பீடு கேட்டு வழக்கும் வந்தால் பணம் உங்கள் சொந்தப் பையிலிருந்து போக வேண்டியிருக்கும். பயணிகள்மீதான சட்டப் பொறுப்பு என்ற சேர்க்கையை அவசியம் வாங்குங்கள். விலை சொற்பம். அன்பாக அழைத்துப் போகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமல் பயணம் தொடங்குவதை என் மனம் ஏற்கவில்லை.

கேள்வி: வீட்டுக்கடன் வாங்கும்போதே வங்கியில் 'எம்ஆர்டிஏ' போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு இனி வேறு காப்புறுதி தேவையா? (வாசகர், மாசாய்)

பதில்: தேவை. எம்ஆர்டிஏ வீட்டுக்கான பாதுகாப்பே அல்ல. நீங்கள் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ அது கடனை அடைக்கும். வீடு எரிந்தால் அதில் ஒன்றும் வராது.

வங்கி கேட்டு எடுத்த தீக் காப்புறுதி தனியாக இருக்கும். அடிப்படையில் அது தீ, மின்னல், வீட்டுச் சமையல் எரிவாயு வெடிப்பு ஆகியவற்றோடு நின்றுவிடும். வெள்ளம், குழாய் வெடிப்பு, உடைத்துப் புகுந்த திருட்டு எல்லாம் வேண்டுமென்றால் 'ஹவுஸ்ஓனர்' பாலிசி. அதுவும் கட்டடத்துக்கு மட்டும். ஃபிரிஜ், சோபா, டிவிக்கு 'ஹவுஸ்ஹோல்டர்' தனி. அடுக்குமாடிக்காரர்களுக்கு நிர்வாகம் கட்டடத்தைக் காப்புறுதி செய்திருக்கும், உள்ளே இருக்கும் பொருள்கள் உங்கள் பாடு.

இன்னொன்றையும் கவனியுங்கள். காப்புறுதித் தொகையைக் கடன் பாக்கியை வைத்தோ வீட்டின் சந்தை விலையை வைத்தோ முடிவு செய்யக்கூடாது. நிலம் எரியாது. வீட்டைத் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்பதுதான் கணக்கு. கட்ட 300,000 ரிங்கிட் ஆகும் வீட்டை 150,000-க்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள், சமையலறை எரிந்து 40,000 சேதம் என்று வையுங்கள். 40,000 வராது. பாதித் தொகைக்குத்தான் காப்புறுதி என்பதால் இழப்பிலும் பாதி, 20,000 மட்டுமே கிடைக்கும். பின்கட்டை நீட்டி அடுப்படி போட்டவர்கள், மாடி எழுப்பியவர்கள் எல்லாரும் தொகையைத் திருத்தினீர்களா என்று இன்றே பாருங்கள். நம் தாமான்களில் நீட்டிக் கட்டாத வீடு அரிது.

கேள்வி: சாமி விளக்கு சாய்ந்து வீடு தீப்பிடித்தால், கவனக்குறைவு என்று கிளைமை மறுப்பார்களா? (வாசகி, மூவார்)

பதில்: வேண்டுமென்றே வைத்த தீக்குத்தான் பணம் கிடையாது. கைதவறிச் சாய்ந்த விளக்கும் விபத்துதான்.

கேள்வி: குடும்பத்தோடு ஒரு மாதம் தமிழ்நாடு போகிறோம். பூட்டிய வீட்டில் நகை இருக்கிறது. ஹவுஸ்ஹோல்டர் பாலிசி போதுமா? (வாசகி, பொந்தியான்)

பதில்: ஒரு மாதம் பிரச்சினையில்லை. வழக்கமான பாலிசிகளில் வீடு 90 நாளுக்கு மேல் ஆளின்றிக் கிடந்தால்தான் திருட்டுப் பாதுகாப்பு நின்றுபோகும். ஆனால் தங்கம், வெள்ளி, நகை எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தரமாட்டார்கள். தனியாகச் சொல்லாத ஒரு பொருளுக்கு 5 விழுக்காடுதான் உச்சம். 60,000 ரிங்கிட் பாலிசியில் ஓர் ஆரத்துக்கு 3,000. இன்றைய தங்க விலையில் அது எந்த மூலைக்கு? நகையைப் பட்டியலிட்டு, ரசீதும் படமும் வைத்துக்கொண்டு பாலிசியில் எழுதச் சொல்லுங்கள். அதைவிட, வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: சிகாமட்டில் நிலநடுக்கம் வந்ததே. இனி அதற்கும் காப்புறுதி எடுக்க வேண்டுமா? (வாசகர், சிகாமட்)

பதில்: 2025 ஆகஸ்ட் 24 காலையில் 4.1 அளவில் அதிர்ந்தபோது பலர் முதல் தடவையாக இதை யோசித்திருப்பார்கள். வழக்கமான ஹவுஸ்ஓனர் பாலிசியில் நிலநடுக்கமும் அடங்கும். வெறும் தீக் காப்புறுதியில் அடங்காது. மண் உள்வாங்குவதும் நிலச்சரிவும் ஹவுஸ்ஓனரிலும் விலக்கு, மேட்டுச் சரிவில் வீடு இருப்பவர்கள் அதைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: இதே கார் பாலிசியோடு சிங்கப்பூருக்கும் ஹாட்யாய்க்கும் போகலாமா? (வாசகர், ஜொகூர் பாரு)

பதில்: சிங்கப்பூருக்குச் செல்லும், புருணைக்கும் செல்லும். தாய்லாந்துக்குச் செல்லாது. தனியாக வாங்கிக்கொண்டு எல்லையைக் கடங்கள்.

கேள்வி: எல்லாம் ஒழுங்காகச் செய்தும் கிளைமை மறுத்துவிட்டார்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை. (வாசகி, யோங் பெங்)

பதில்: வக்கீல் இல்லாமலே வழி இருக்கிறது, அம்மா. மறுப்பையும் அதன் காரணத்தையும் முதலில் எழுத்தில் வாங்குங்கள். பிறகு நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். இறுதி முடிவும் பாதகமாக வந்தால், நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவையிடம் போகலாம். 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் இந்த அமைப்பு 250,000 ரிங்கிட் வரையிலான காப்புறுதித் தகராறுகளை விசாரிக்கிறது, உங்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் நிறுவனத்தின் இறுதி முடிவு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். கடிதத்தில் உள்ள தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.