கவுன்சில் இல்லாத ஊரில் கவுன்சிலராவது எப்படி?

வெளிநாட்டு நகரங்கள் சிலவற்றில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கென்று இளைஞர் மன்றம் இருக்கிறது. மாநகராட்சிக்காரர்களோடு உட்கார்ந்து பூங்கா, பேருந்து, நூலகம் என்று பேசுகிறார்கள். பெங்களூரில் வளரும் தம்பி தங்கைகளுக்கும் அந்த ஆசை வருவது நியாயம்தான். அவர்கள் நலன் கருதி, கட்டணமில்லாத இந்த வழிகாட்டி.

1. சான்றிதழில் தொடங்குங்கள்

ஏரி சுத்தம் செய்யப் போகிறீர்களா? கையுறை மறந்தாலும் பேனரை மறக்காதீர்கள். முதல் பை நிரம்புவதற்குள் குழுப்படம் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு சட்டை அழுக்காகிவிடும். 2017 பிப்ரவரியில் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்துப் புகைந்தது. தண்ணீர் எப்படி எரியும், எந்தச் சாக்கடை எங்கிருந்து வந்து இதில் விழுகிறது என்றெல்லாம் கேட்காதீர்கள். கேள்வி கேட்டவருக்கு இதுவரை யாரும் சான்றிதழ் கொடுத்ததில்லை.

2. வாய்ப்புகளைத் தாராளமாகப் பகிருங்கள்

கோடைப் பயிற்சி, கட்டுரைப் போட்டி, தலைமைப் பண்பு முகாம் என எது கண்ணில் பட்டாலும் நண்பர்களுக்குச் சொல்லுங்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் முடிந்த மறுநாள் சொல்வது உத்தமம். நல்ல பெயரும் கிடைக்கும், போட்டியும் குறையும்.

3. மாதிரி ஐ.நா. சபையில் முழங்குங்கள்

சனிக்கிழமை கோட்டு மாட்டிக்கொண்டு நார்வே சார்பில் உலக அமைதி பற்றிப் பேசுங்கள். உங்கள் தெருவிளக்கு எரியாதது நார்வேயின் பிரச்சினை அல்ல. நிஜ ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் 12ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. தங்களைத் தொடும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமை இருக்கிறது என்கிறது அது. இந்தியா 1992லேயே அந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. இதை வீட்டில் எடுத்துச் சொல்லாதீர்கள். பாதுகாப்பு கவுன்சிலில் ஐந்து நாடுகளுக்கு இருக்கும் வீட்டோ, வீட்டில் அப்பா ஒருவருக்கே இருக்கிறது.

4. வார்டு எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள்

ஊர்ப் பொறுப்புக்கு வருகிறவர் தன் வார்டு எதுவென்று தெரிந்திருக்க வேண்டும். 2015 தேர்தலின்போது பெங்களூரில் 198 வார்டுகள். 2022இல் 243 ஆயின. 2023இல் 225 ஆகக் குறைந்தன. 2025இல் 369 ஆகிவிட்டன. வீட்டை மாற்றாமலேயே நாலு வார்டு பார்த்த அனுபவம் வேறு எந்த ஊர்ப் பிள்ளைக்குக் கிடைக்கும்?

5. கவுன்சிலரைச் சந்தித்து ஆசி பெறுங்கள்

இதில் சின்னச் சிக்கல். கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலின் பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10ஆம் தேதி முடிந்தது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதிகாரிகள்தான் ஊரை நடத்தினார்கள். அன்று பதின்மூன்று வயதாக இருந்த பிள்ளை, தன் வார்டுக்கென்று ஒரு கவுன்சிலரையும் காணாமலே பதினெட்டைத் தாண்டிவிட்டது. 2025 செப்டம்பரில் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்து, முதலமைச்சர் தலைமையில் கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தை மேலே வைத்தார்கள். ஒரு மாநகராட்சியில் கவுன்சிலர் இல்லை என்றிருந்த நிலைமை, ஐந்து மாநகராட்சிகளில் இல்லை என்று முன்னேறியது. ஆகவே சிறுவர்களுக்கு மன்றம் இல்லையே, இது பாரபட்சம் என்று பேசாதீர்கள். பெரியவர்களுக்கே இல்லாமல்தானே ஊர் ஓடியது?

6. வார்டு கமிட்டியில் இடம் கேளுங்கள்

2016இல் வந்த விதிகள் வார்டு கமிட்டிக்குப் பத்து உறுப்பினர்கள் என்றன. பெண்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்றன. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இரண்டு இடம். குடியிருப்போர் சங்கங்களுக்கு இரண்டு. பள்ளிக்கு நடந்து போகிறவர்களுக்கென்று இடம் வைக்கவில்லை. நடைபாதையின் உடைந்த கல்லில் தினமும் கால் வைக்கிறவர்கள் அவர்கள்தான். காரில் வருகிறவர்கள் அந்தக் கல்லைப் பற்றி நிதானமாக விவாதிப்பார்கள்.

7. மனு எழுதுங்கள், ஆனால் சுருக்கமாக

தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டிக் கேள்வி கேட்கலாம். கர்நாடகத்தில் 150 சொற்களுக்குள், ஒரே பொருள் பற்றித்தான் கேட்க முடியும். பெங்களூரு சாலைக் குழிகளை 150 சொற்களில் அடக்குகிறவருக்கு இலக்கிய எதிர்காலம் உண்டு. நேரில் போய் நின்றால் ‘நாளே பா’, நாளைக்கு வா என்பார்கள். தொண்ணூறுகளில் பேயை ஏமாற்றித் திருப்பி அனுப்ப பெங்களூர்க்காரர்கள் வீட்டுக் கதவில் எழுதிவைத்த வாசகம் இது. பேய் போய்விட்டது, வாசகத்தை அலுவலகங்கள் வைத்துக்கொண்டன.

8. கூட்டத்தில் சேராதீர்கள்

2016 அக்டோபரில் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பால் வரை எஃகு மேம்பாலம் வேண்டாம் என்று ஆயிரக்கணக்கானோர் கைகோத்து நின்றார்கள். பாலத்துக்காக 812 மரங்களை வெட்டுவதாகத் திட்டம். 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. இப்படிச் சேர்ந்து நின்றால் சில நேரம் காரியம் நடந்துவிடுகிறது. எச்சரிக்கையாக இருங்கள்.

9. முக்கியமாக, கேராடி பக்கம் போகாதீர்கள்

உடுப்பி மாவட்டம் குந்தாபுரா பக்கத்தில் இருக்கும் சிற்றூர் கேராடி. கர்நாடகத்தில் வேலைக்குப் போகும் சிறுவர் சிறுமியர் 1990இல் ‘பீமசங்கம்’ என்று தங்களுக்கே ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். அதற்குத் துணைநின்றது பெங்களூரைச் சேர்ந்த ‘கன்சர்ன்ட் ஃபார் ஒர்க்கிங் சில்ரன்’ என்ற அமைப்பு. 1995இல் கேராடியில் ரகசிய வாக்கெடுப்பு நடத்தி ‘மக்கள பஞ்சாயத்’ அமைத்தார்கள். கன்னடத்தில் மக்களு என்றால் பிள்ளைகள். மழைக்காலத்தில் ஓடை தாண்டிப் பள்ளிக்குப் போகப் பாலம் வேண்டும் என்பது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. முழங்கால் நனைந்தவர்கள் கேட்டதால் கோரிக்கை துல்லியமாக இருந்தது. பெரியவர்களின் பஞ்சாயத்து உட்கார்ந்து கேட்க வேண்டியதாயிற்று. 2006இல் மாநில அரசு, எல்லாக் கிராமப் பஞ்சாயத்துகளும் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கான கிராம சபையை நடத்த வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது.

குக்கிராமத்துப் பிள்ளை பஞ்சாயத்துத் தலைவரிடம் எங்கள் பள்ளியில் கழிப்பறைக்குக் கதவு எங்கே என்று சபையில் எழுந்து கேட்கலாம். உலகத்துக்கே மென்பொருள் எழுதும் பெங்களூரில் அதே கேள்வியைக் கேட்க அப்படியொரு சபை இல்லை. இந்தச் செய்தி நகரத்துப் பிள்ளைகள் காதில் விழாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் பொறுப்பு.

விழுந்துவிட்டால் இரண்டு காரியம் செய்யுங்கள். பதினேழு வயது முடிந்தவர்கள் வாக்காளர் பட்டியலுக்கான படிவம் 6ஐ முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம், கொடுத்துவிடுங்கள். அதற்கும் சின்னவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை வார்டுதோறும் பிள்ளைகள் சபை வேண்டும், அதிகாரி வந்து உட்கார வேண்டும், சொன்னதைக் குறித்து எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கேளுங்கள். கேராடிப் பிள்ளைகளிடம் சான்றிதழும் கோட்டும் இல்லை, கேட்கத்தான் செய்தார்கள்.