இல்லாத பேஸ்காரர்: ஜாஸ் ஆர்கன் ரசனைக்கு ஒரு முன்னுரை

ஜாஸ் ஆர்கனை ரசிப்பது எப்படி என்று விளக்க முனைந்தவர்கள் பெரும்பாலும் வாசிப்பவரின் விரல்களிலிருந்து தொடங்குகிறார்கள். அது முறையன்று. மேடையில் யார் இல்லை என்று பார்ப்பதே முதற்படி. ஆர்கன், கிட்டார், டிரம்ஸ் இருக்கும். சில சமயம் ஒரு டெனார் சாக்ஸபோன் இருக்கும். பேஸ் வாசிப்பவரைக் காணோம். அவர் தாமதமாக வருகிறவரும் அல்லர், விடுப்பில் போனவரும் அல்லர். அவர் சம்பளம் மதுக்கூட முதலாளிக்கு மிச்சம். அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பேட்டைகளின் சிறு மதுக்கூடங்களில், 1950களில் இந்தக் கலை தழைத்ததற்கு அந்த மிச்சமும் ஒரு காரணம். ஆகவே ஒவ்வோர் ஆர்கன் கலைஞரின் பாணியும், இல்லாத அந்த மனிதரை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவரவர் சொன்ன விடையே ஆகும். இது இக்கட்டுரையின் துணிபு. மறுப்போர் முழுவதும் படித்துவிட்டு மறுக்கலாம்.

முதலில் கருவி. லாரன்ஸ் ஹாமண்ட் சிகாகோவில் மின்கடிகாரம் செய்து விற்றவர். பொருளாதார மந்தத்தில் கடிகார வியாபாரம் படுத்தபோது, சீட்டுக்கட்டைத் தானே கலைத்துப் போடும் பிரிட்ஜ் மேசை ஒன்றைச் செய்து பார்த்தார். பிறகு 1935இல் ஆர்கனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. தெரிந்திருந்தால் துணிந்திருக்க மாட்டார் என்பது நம் கட்சி.

கடிகாரத்தை ஓட்டிய அதே வகை மோட்டார்தான் ஆர்கனுக்குள்ளும் ஓடுகிறது. அது 91 சக்கரங்களைச் சுழற்றும். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் உண்டு. சக்கரத்தின் மேடுபள்ளங்கள் காந்தத்தைக் கடக்கக் கடக்க, சுருளில் மின்னோட்டம் அலைந்து ஸ்வரமாகிறது. சுருதி சேர்க்கும் தொல்லை இல்லை. அதை மின்வாரியம் பார்த்துக்கொள்ளும். அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி. அங்கே வாங்கியதை இந்தியாவின் 50 சுழற்சி மின்சாரத்தில் ஓட்டினால், மின்னழுத்தத்தைச் சரிசெய்த பிறகும் வேகம் ஆறில் ஐந்தாகக் குறையும். ஷட்ஜத்தை அழுத்தியவருக்குக் கீழ் ஸ்தாயியின் சதுஸ்ருதி தைவதம் கிடைக்கும். மற்ற வாத்தியக்காரர்கள் அனுசரித்துப் போக வேண்டியதுதான்.

குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்கள் இதை விரும்பி வாங்கின. ஞாயிறு காலையில் அங்கே இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பிற்பாடு சனி இரவில் மதுக்கூடத்தில் வாசித்தார்கள். ஞாயிறு முன்னும் சனி பின்னுமாக வருவதை வாசகர் பொருட்படுத்த வேண்டாம்.

இனிப் பொருளாதாரம். ஜாஸ்காரர்கள் கொண்டாடும் பி-3 மாடல் 1950களின் நடுவில் வந்தது. பெஞ்சும், காலால் மிதித்துப் பேஸ் ஸ்வரம் எழுப்பும் பெடல்களும் சேர்த்து 190 கிலோவுக்குக் குறையாது; ஒலிபெருக்கிப் பெட்டி தனி. டபுள் பேஸ் பத்துக் கிலோ சொச்சம், அதையும் அதன் சொந்தக்காரரே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அவரைத் தவிர்ப்பதற்காக 190 கிலோவை மாடிப்படியில் ஏற்றியவர்களின் கணக்குப் புலமையை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. கருவியைக் கொண்டுபோகச் சில கலைஞர்கள் அமரர் ஊர்திகளை வாங்கினார்கள். நீளமும் பின்கதவும் பொருந்தி வந்தன. ஊர்தியில் உண்மையில் போனது என்ன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பேஸ்காரர்களைக் கேட்டால் தங்கள் பிழைப்பு என்பார்கள்.

ஒலியை மாற்ற, கட்டைகளுக்கு மேலே டிராபார் எனப்படும் இழுகட்டைகள் உள்ளன. ஒரு தொகுதிக்கு ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் சுழியிலிருந்து எட்டுவரை ஒன்பது நிலை. பெருக்கிப் பார்த்தால் 38,74,20,489 சேர்க்கைகள். இவற்றுள் ஒன்று மௌனம். மிச்சமுள்ளவற்றில் ஜாஸ் ஆர்கன் உலகம் பெரிதும் நம்பி வாழ்வது ஒன்றே ஒன்றை: முதல் மூன்றை முழுக்க இழு, மற்ற ஆறையும் உள்ளே தள்ளு. இதோடு பெர்கஷன் என்ற பொத்தானைப் போட்டால், கட்டை அழுந்தும் கணத்தில் ‘டிங்’ என்று ஒரு தட்டு சேரும். அதைப் போட்டதும் ஒன்பதாவது டிராபார் ஊமையாகிவிடும், ஏனென்றால் அதன் மின்தொடர்பைத்தான் பெர்கஷன் பயன்படுத்திக்கொள்கிறது. ஒருவர் வேலையை இன்னொருவர் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பெட்டிக்குள்ளிருந்தே தொடங்குகிறது என்பதை மாணவர் குறித்துக்கொள்க.

ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒன்பது தொடர்பு முனைகள். அவை ஒரே கணத்தில் ஒட்டுவதில்லை. முன்னே பின்னே ஒட்டும்போது ஒரு ‘டிக்’ எழுகிறது. பொறியாளர்கள் இதைப் பழுது என்று கருதி ஒழிக்கப் பாடுபட்டார்கள். ஜாஸ்காரர்களோ அதற்காகவே வாங்கினார்கள். இன்று கணினி வழியாக அதே ஒலியைச் செய்கிற கருவிகளில் ‘டிக்’ எவ்வளவு வேண்டும் என்று கூட்டிக் குறைக்கத் தனி வசதி இருக்கிறது. டான் லெஸ்லி செய்த சுழலும் ஒலிபெருக்கியின் கதையும் இப்படித்தான். ஹாமண்டுக்கு அது பிடிக்கவில்லை. அவர் கருவியை வாங்கியவர்களுக்கு அது இல்லாமல் முடியவில்லை.

இனி ஆட்கள். ஃபாட்ஸ் வாலர் 1920களிலேயே குழாய் ஆர்கனில் ஜாஸ் வாசித்துப் பதிவு செய்தவர். குழாய் ஆர்கனை எந்த ஊர்தியிலும் ஏற்ற முடியாது என்பதால் அவர் நம் ஆய்வெல்லைக்கு வெளியே நிற்கிறார். வைல்ட் பில் டேவிஸ் பேஸ்காரரோடு நிறுத்தவில்லை. பதினாறு பேர் கொண்ட பேண்ட் முழுவதையும் இரண்டு கையால் பதிலீடு செய்ய முயன்றார். பழிக்குப் பழியாக, அவர் அமைத்த ‘ஏப்ரல் இன் பாரிஸ்’ 1955இல் கவுண்ட் பேசியின் பேண்டுக்கே பெரும் புகழ் தேடித் தந்தது.

அடுத்து வந்தவர் ஜிம்மி ஸ்மித். இவரிடம் கொஞ்சம் தங்க வேண்டும். பிலடெல்பியாவை அடுத்த நாரிஸ்டவுனில் பிறந்தவர், பியானோக்காரர். டேவிஸைக் கேட்டுவிட்டு ஆர்கன் ஒன்றை வாங்கி, அதை ஒரு கிடங்கில் வைத்துச் சாதகம் செய்தார். கால் எந்தப் பெடலில் விழ வேண்டும் என்று காட்டும் படத்தை எதிரே சுவரில் மாட்டிக்கொண்டாராம். கீழே குனிந்து பார்க்காமலிருக்க இது உபாயம். 1956இல் புளூ நோட் நிறுவனத்துக்காகப் பதிவு செய்யத் தொடங்கியதும், மற்ற ஆர்கன்காரர்கள் தங்கள் பழைய வாசிப்பை மறக்க வேண்டியதாயிற்று. வலக்கையில், சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கர் வழிவந்த பீபாப் என்னும் வேகப் பாணி ஓட்டம். இரண்டு கட்டை வரிசைகளில் கீழ் வரிசையில், அடிக்கு ஒரு ஸ்வரமாக இடக்கை நடத்தும் வாக்கிங் பேஸ். அப்படியானால் கால்? இடக்கை தொடும் ஸ்வரத்தின் தலையில் பெடலை லேசாகத் தட்டிவிடும்; டபுள் பேஸின் நரம்பைச் சுண்டியது போன்ற ஓர் அழுத்தம் கூடும். ரசிகர்கள் நுழைவுக் கட்டணம் கொடுத்து, கழுத்தை வளைத்துப் பார்ப்பது காலை. காரியத்தைச் செய்வது பெரும்பாலும் கை. ‘தி சர்மன்’ ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடுகிறது. அவ்வளவு நேரமும் அந்த இடக்கை ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்பதில்லை.

ஸ்மித்தின் இன்னொரு பழக்கம், மேலே ஒரே ஸ்வரத்தை அழுத்திப் பிடித்தபடி மற்ற விரல்களால் சில்லறை வேலை பார்ப்பது. சாக்ஸபோன்காரருக்கு மூச்சு வாங்கும். பியானோவின் ஒலி தேய்ந்து அணையும். ஆர்கனில் விரலை எடுக்கும்வரை ஸ்வரம் நிற்கும். அப்போது கூட்டம் கூச்சலிடும். எதுவுமே நடக்காமலிருப்பதற்குக் கிடைக்கும் இந்த அளவு பாராட்டை வேறு கலைகளில் காண்பது அரிது.

பிலடெல்பியாவும் அதன் சுற்றுவட்டாரமும் ஏன் இத்தனை ஆர்கன்காரர்களைத் தந்தன என்பது ஆராயத்தக்கது. ஸ்மித், ஜிம்மி மெக்ரிஃப், ஷர்லி ஸ்காட், ட்ரூடி பிட்ஸ், சார்லஸ் எர்லண்ட், பிற்காலத்தில் ஜோயி டிஃபிரான்செஸ்கோ. ஆற்றுக்கு அக்கரையில் கேம்டனில் ரிச்சர்ட் ‘குரூவ்’ ஹோம்ஸ். ஊர்த் தண்ணீரைக் காரணம் சொல்ல இடமுண்டு என்றாலும், தேவாலயங்களைச் சொல்வது பொருத்தம். மெக்ரிஃப் முன்னர் போலீஸ்காரர். அவர் வாசிப்பில் ப்ளூஸ் எல்லை மீறிப் போகாததற்கு அதைக் காரணமாகக் காட்டுவது மிகை. எர்லண்ட் மெக்ரிஃபின் குழுவில் சாக்ஸபோன் வாசித்தவர். முதலாளி உட்கார்ந்தே வேலை செய்வதைக் கவனித்தாரோ என்னவோ, அவரும் ஆர்கனுக்கு மாறிவிட்டார். ஹோம்ஸின் பேஸ் கனம், உருட்டு, நிதானம் மூன்றும் சேர்ந்தது. இல்லாத பேஸ்காரரே வந்திருந்தால் இவ்வளவு நன்றாக வாசித்திருப்பாரா என்ற சந்தேகத்தை எழுப்புவது அவர் ஒருவர்தான்.

ஷர்லி ஸ்காட் விவாதத்தின் அடித்தளத்தையே அசைத்தவர். சாக்ஸபோன்காரர் எடி ‘லாக்ஜா’ டேவிஸோடு வாசித்த நாட்களில் பேஸ்காரரை மேடையிலேயே வைத்துக்கொண்டார். அதனால் அவர் இடக்கைக்கு வேறு வேலைகள் கிடைத்தன. ஒலியும் மெலிந்து, துலக்கமாக, பியானோ நயத்தோடு வந்தது. ‘ஆர்கனின் அரசி’ என்றார்கள். ஆள் வைத்து வேலை வாங்குபவரை அப்படி அழைப்பது மரபுதானே. பிரான்சில் குடியேறிய ரோடா ஸ்காட் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பெடல் போடுகிறார். மியூனிக்கின் பார்பரா டென்னர்லைன் பெடலை மின்னணு வழியில் இணைத்து, மிதித்தால் டபுள் பேஸின் ஒலியே எழும்படி செய்தார். ஆள் வராவிட்டாலும் குரல் வந்துவிட்டது.

லாரி யங்கை மேற்சொன்ன எந்த வரிசையிலும் சேர்க்க இயலாது. நியூவர்க்காரர், 1965இல் பதிவான ‘யூனிட்டி’யில் எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸுக்கு மேல், நான்காம் இடைவெளிகளை அடுக்கிக் கட்டிய கார்டுகளை மிதக்க விட்டார். கிட்டாரும் இல்லை. ப்ளூஸ் நெடி வீசும் ஆர்கனைத் தேடுபவர்கள் இந்த இசைத்தட்டில் ஏமாறுவார்கள். நல்ல ஏமாற்றம் அது. முப்பத்தெட்டு நிறைவதற்குள் 1978இல் இறந்துவிட்டார். இந்த ஓரிடத்தில் கட்டுரையாளருக்கு நையாண்டி வரவில்லை.

டாக்டர் லானி ஸ்மித் தலைப்பாகை அணிந்தவர், டாக்டர் பட்டம் பெறாதவர். மெல்ல முணுமுணுத்துத் தொடங்கி அரை மணியில் கூரையைக் கிளப்புவார். லானி லிஸ்டன் ஸ்மித் வேறு ஆள்; அவர் கீபோர்ட்காரர். குழப்பிக்கொள்ளும் மாணவருக்கு மதிப்பெண் இல்லை.

நம் துணிபுக்கு ஒரு தடை எழுப்பப்படும். 1972இல் லாஸ் ஏஞ்சலஸின் பாம்பே பைசிகிள் கிளப்பில் ஜிம்மி ஸ்மித் நேரடியாகப் பதிவு செய்த ‘ரூட் டவுன்’ இசைத்தட்டில் வில்டன் ஃபெல்டர் என்பவர் பேஸ் கிட்டார் வாசிக்கிறாரே, அப்படியானால் இல்லாதவர் வந்துவிட்டார் அல்லவா என்பார்கள். தடை செல்லாது. ஃபெல்டர் பேஸில் கைதேர்ந்தவர்தான். ஆனால் குருசேடர்ஸ் குழுவில் அவர் சாக்ஸபோன்காரர்.