அம்மா தந்தது பத்துதான்

எங்கள் வீட்டில் சர்க்கரை அம்மா வழி. நிலம், நகை எதுவும் அந்த வழியில் வரவில்லை. வந்த இந்த ஒன்றை நான் கொஞ்சம் பெருமையாகவே சொல்லி வந்தேன். காலை நடைக்கு யாராவது கூப்பிட்டால், "நடந்து என்னங்க ஆகப்போகுது, நமக்கு அது ரத்தத்துலயே இருக்கு" என்பேன். கூப்பிட்டவர் அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டு நடக்கப் போவார். நான் இன்னொரு காபி போடச் சொல்வேன்.

காஞ்சிபுரத்தில் பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவன் நான். அப்பா பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்து, நாள் முழுக்கக் கால் மிதித்துக் கோர்வைப் புடவை நெய்தவர். கடைசிவரை அவருக்குச் சுகர் கிடையாது. அவரைப் போன்றவர்கள் நெய்வதை நாற்காலியில் சாய்ந்தபடி எடை போட்டுப் பதிகிற எனக்கு, நாற்பத்தெட்டு வயதில் 'பார்டர்' என்று சொல்லிவிட்டார்கள்.

பார்டர் என்றதும் மற்றவர்கள் ஷூ வாங்குவார்கள். நான் படிக்க உட்கார்ந்தேன்.

படிக்கப் படிக்க எனக்கு நல்ல செய்தியாகவே வந்தது. 2006-ல் ஐஸ்லாந்தின் டீகோட் நிறுவனத்தார் டி.சி.எஃப்.7.எல்.2 என்ற மரபணுவைப் பிடித்தார்கள். அதில் ஒரு எழுத்து மாறியிருந்தால், கணையம் இன்சுலின் சுரப்பதில் சுணக்கம் வருகிறது. மறு ஆண்டே சென்னையில் டாக்டர் வி. மோகனின் நீரிழிவு ஆய்வு நிறுவனத்தார் நம் மக்களிடமும் அதே தொடர்பைக் கண்டார்கள். என் சோம்பலுக்கு ஒரு பெயரும் இரண்டு எண்களும் கிடைத்துவிட்டன. சங்கத்தில் நூல் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் டி.சி.எஃப். என்று ஆரம்பித்தேன். அவர்கள் கடன் வசூல் என்று நினைத்துப் பதறினார்கள்.

அடுத்தது இன்னும் இனித்தது. பிபார்ஜி என்றொரு மரபணு. அதில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால் வெள்ளையர்களுக்குச் சர்க்கரை வராமல் காக்கும் கவசமாம். சென்னை நிறுவனத்தைச் சேர்ந்த வி. ராதாவின் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், அதே மாற்றம் நம்மவரைக் காக்கவில்லை. சென்னையிலும் காக்கவில்லை, அமெரிக்காவில் டல்லாஸுக்குப் போய்க் குடியேறியவர்களையும் காக்கவில்லை. விசா கிடைத்தும் கவசம் கிடைக்கவில்லை!

புனே டாக்டர் யாஜ்னிக் 2004-ல் தன் லண்டன் நண்பர் யுட்கினோடு சேர்ந்து ஒரு படம் வெளியிட்டார். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு அச்சாக ஒன்றே, 22.3. உடம்புக் கொழுப்பு மட்டும் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. இதைத் திரையில் பெரிதாக்கி மனைவியிடம் காட்டி, "பாரு, ஒல்லியா இருந்தாலும் நமக்கு இப்படித்தான்" என்றேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவர் ஒல்லிங்க" என்றாள்.

அத்தோடு படிப்பை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாததால்தான் வம்பு. நம்மில் பெரும்பாலோருக்கு வருகிற இரண்டாம் வகைச் சர்க்கரையில் குற்றவாளி ஒரு மரபணு அல்ல. நூற்றுக்கணக்கான இடங்களில் சின்னச் சின்ன மாற்றங்கள், ஊர் கூடித் தேர் இழுக்கிற கதை. என் டி.சி.எஃப். வடம் பிடித்தவர்களில் கொஞ்சம் பலசாலி, அவ்வளவே. ஒற்றை மரபணுவே எல்லாம் செய்கிற வகைகளும் உண்டு, ஆனால் அவை அபூர்வம். பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வருகிற குழந்தைகள் சிலருக்கு, மரபணுவைப் பார்த்துக் காரணம் தெரிந்ததும் இன்சுலின் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்ற முடிகிறது. அங்கே மரபணுப் பரிசோதனை ஒரு வாழ்க்கையையே மாற்றுகிறது. தொந்தியோடு ஐம்பதைத் தொடப்போகிறவன் எச்சில் துப்பி அனுப்பினால் லேபுக்குத்தான் லாபம்.

இதற்கிடையில் ரத்தப் பரிசோதனை நாள் வந்தது. பள்ளிக்கூடப் புத்தி போகுமா? இரண்டு நாள் முன்னதாகச் சோற்றைக் குறைத்து, வெந்தயம் மென்று தயாரானேன். அவர்கள் எடுத்ததோ மூன்று மாதச் சர்க்கரை. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அத்தனை நாள் நான் தின்றதன் சுவடு அதில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி, மிளகும் சுக்கும் நெய்யும் மணக்க, பிரசாதம் என்பதால் கணக்கில் வராது என்று நான் ஒதுக்கி வைத்த அத்தனையும் அதில் வரவு வைக்கப்பட்டிருந்தது.

டாக்டரிடம் மரபணு பற்றி விளக்கப் போனேன். அவர் இஞ்ச் டேப்பை எடுத்தார். மோகன் குழுவினர் சென்னை மக்களை ஆராய்ந்து 2005-ல் வகுத்த நூறு மதிப்பெண் கணக்கு ஒன்று இருக்கிறது. வயதுக்கு அதிகபட்சம் 30, இடுப்புக்கு 20, உடலுழைப்பு இல்லாததற்கு 30, தாய் தகப்பனுக்கு 20. அறுபதும் அதற்கு மேலும் அதிக அபாயம். எனக்கு வயது 20, இடுப்பு 10, உடலுழைப்பில் முழு முப்பது. பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் என்பதால் 10. கூட்டினால் எழுபது. இத்தனை வருஷம் நான் யார் தலையில் கட்டினேனோ, அந்த அம்மா தந்தது பத்துதான். மற்ற அறுபதும் என் சொந்தச் சம்பாத்தியம்.

கணக்கன் புத்தி உடனே வேலை செய்தது. "நடந்தால் பத்து குறையும். ஐம்பது வயதானால் பத்து ஏறும். சரிக்குச் சரி. அப்புறம் எதுக்கு சார் நடக்கணும்?" என்றேன்.

அவர் சளைக்கவில்லை. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார். என்னைப் போன்ற பார்டர்க்காரர்கள் 531 பேர். சும்மா விட்டவர்களில் மூன்று ஆண்டில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. நடையும் சாப்பாடும் சொல்லிக் கொடுத்தவர்களில் 39. "ரெண்டு கூட்டத்துக்கும் ஜீன் நம்ம ஊர் ஜீன்தான் சார்" என்றார்.

இப்போது ராஜ வீதிகளில் நடக்கிறேன். கூட வருகிறவர்களுக்கு டி.சி.எஃப். பற்றி விளக்கத் தொடங்கியதில் எல்லோரும் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். மீதியைச் சொல்லி முடிக்க நானும் மூச்சு வாங்க அவர்களைத் துரத்த வேண்டியிருக்கிறது. வேக நடை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.